65 வாட் கம்பாட்டிபிள் லேப்டாப் சார்ஜர்: எதற்கு வாங்கலாம், எதற்கு வாங்கக் கூடாது

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கம்ப்யூட்டர் கடைகளின் கண்ணாடி அலமாரியில் பெட்டி பெட்டியாகத் தொங்கும் கம்பாட்டிபிள் சார்ஜரை, அதாவது லேப்டாப் கம்பெனி அல்லாத பிறர் தயாரிக்கும் மாற்றுச் சார்ஜரைப் பற்றியது இந்த விமர்சனம். டெல், எச்பி, லெனோவா, ஏசர், ஆசஸ் என்று எல்லாவற்றுக்கும் டிப் (லேப்டாப்பில் செருகும் முனை) மாற்றி வருகிறது. விலை பெரும்பாலும் ஆயிரத்துக்குள். கம்பெனியின் ஒரிஜினல் இரண்டு மூன்று மடங்கு ஆகும். வீட்டு லேப்டாப்புக்கு இது போதுமா என்றால், சில மாடல்களுக்குத் தாராளமாகப் போதும், சிலவற்றுக்குக் கூடவே கூடாது. ஆனால் இதை வாங்குகிறவர்களில் பலருக்குச் சார்ஜரே தேவைப்படுவதில்லை. லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றதும் கை முதலில் சார்ஜர் பக்கம் போகிறது. புதுசு வாங்கிச் செருகிய பிறகும் லேப்டாப் அப்படியே கிடக்கிறது.

அதனால் பழைய சார்ஜரை முதலில் அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டரே போதும். டிசி வோல்ட்டில் 200 ரேஞ்சில் வைத்து, சிவப்பு முனையை டிப்பின் உள்சுவரிலும் கறுப்பு முனையை வெளிச்சுவரிலும் தொடுங்கள். டெல், எச்பி டிப்புகளின் நடுவில் மெல்லிய முள் ஒன்று இருக்கும். சிவப்பு முனை அதில் உரசக் கூடாது. உரசினால் உள்ளே இருக்கும் அடையாளச் சிப் போய்விடலாம். மேலே 19.5 வோல்ட் என்று எழுதியிருந்தால் மீட்டர் ஏறக்குறைய அதையே காட்டி அசையாமல் நிற்க வேண்டும். எண் ஏறி இறங்கித் துடித்தால் உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கலாம். ஒன்றுமே காட்டாவிட்டால், டிப்புக்குப் பக்கத்தில் வொயர் வளையும் இடத்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலான சார்ஜர்கள் அங்கேதான் அறுகின்றன.

டைப்-சி சார்ஜருக்கு இந்தச் சோதனை செல்லாது. லேப்டாப்போடு பேசி முடித்த பிறகுதான் அது மின்சாரமே விடும். தனியாக வைத்து அளந்தால் பூஜ்யம்தான் வரும். அதைப் பார்த்து நல்ல சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேறொரு டைப்-சி லேப்டாப்பில் செருகிப் பார்ப்பதே எளிது.

இன்னொரு அறிகுறி இதைவிட முக்கியம். சார்ஜரில் இருக்கும் சின்ன விளக்கு தனியாக எரிகிறது, லேப்டாப்பில் செருகியதும் அணைந்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் குற்றம் சார்ஜரில் இல்லை. லேப்டாப் போர்டில், மின்சாரம் நுழையும் பாதையில் எங்கோ ஷார்ட். ஒரு செராமிக் கெப்பாசிட்டரோ, மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னப் பாகமான மாஸ்ஃபெட்டோ உடைந்திருக்கலாம், சார்ஜர் செருகும் துளையான டிசி ஜாக்கின் உள்ளேயே ஒட்டியிருக்கலாம். எந்தச் சார்ஜரை மாட்டினாலும் தன்னைக் காத்துக்கொள்ள அது அணையத்தான் செய்யும். மீண்டும் மீண்டும் செருகிப் பார்ப்பது போர்டுக்கு நல்லதல்ல.

சார்ஜரை அளந்தால் சரியாகக் காட்டுகிறது, விளக்கும் எரிகிறது, லேப்டாப் மட்டும் எழவில்லையா? சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி வெளியே எடுக்கிற மாதிரி இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். பாதி உறக்கத்தில் சிக்கிக் கிடக்கும் மெஷின்கள் இதிலேயே எழுந்துவிடும். விளக்கு எரிந்து, விசிறி சுற்றி, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் பவர் பிரச்சினையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். டெல்லில் விளக்கு ஆரஞ்சில் 2 தடவை, வெள்ளையில் 3 தடவை மினுக்கினால் ராம் (லேப்டாப்பின் தற்காலிக நினைவகம்) தெரியவில்லை என்கிறது. புதிய எச்பிகளில் கேப்ஸ் லாக் விளக்கு 3 நீளமாகவும் 2 குட்டையாகவும் மினுக்குவதும் ராம் பற்றியதே. ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்தினால் பல நேரம் சரியாகும். இதற்குச் சார்ஜர் வாங்கி என்ன பயன்?

இத்தனைக்கும் பிறகு சார்ஜர்தான் போயிற்று என்று உறுதியானால், இந்தக் கம்பாட்டிபிள் எப்படி?

ஏசர், ஆசஸ் ஆகியவற்றின் வட்ட டிப் மாடல்களுக்குத் தயங்காமல் வாங்கலாம். 19 வோல்ட், 3.42 ஆம்பியர், டிப் அளவு மட்டும் பொருந்த வேண்டும். பெரும்பாலான மாடல்களில் அடையாளச் சோதனை எதுவும் இல்லை. வோல்ட் அரைப் புள்ளி முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை. ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

டெல்லுக்குக் கவனம் வேண்டும். அந்த நடு முள் வழியாகச் சார்ஜருக்குள் இருக்கும் சின்னச் சிப்பை லேப்டாப் படிக்கிறது. மலிவான சார்ஜர்களில் அந்தச் சிப் இல்லை, அல்லது சீக்கிரம் செத்துவிடுகிறது. அப்போது லேப்டாப் ஆன் ஆகும், ஆனால் அடாப்டர் வகை தெரியவில்லை என்று ஆரம்பத்திலேயே எச்சரிக்கை வரும்; பேட்டரி சார்ஜ் ஏறாது; பிராசசரும் தன் வேகத்தை 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கிக்கொள்ளும். கடையிலேயே செருகி, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் அடாப்டர் 65 வாட் என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். காட்டவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரிஜினலே வாங்குங்கள். கேமிங் லேப்டாப்காரர்கள் இந்த அலமாரிப் பக்கமே வர வேண்டாம். அவற்றுக்கு 150 வாட்டும் அதற்கு மேலும் வேண்டும்.

குளச்சல், முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி என்று கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக்காற்று முதலில் கடிப்பது இந்த மெல்லிய நடு முள்ளைத்தான். முள் பச்சை பிடித்தாலும் லேப்டாப் அதே எச்சரிக்கையைத்தான் காட்டும். மின்சாரம் என்னவோ சரியாகவே வந்துகொண்டிருக்கும். பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டு முள்ளையும் ஜாக்கையும் துடைத்துப் பார்த்துவிட்டே அடுத்த செலவைப் பேசுங்கள்.

இந்தச் சார்ஜர்களில் எங்களுக்கு உண்மையிலேயே கோபம் வருவது வொயரில். 1.8 மீட்டர் வொயர் என்றால் மின்சாரம் போய்த் திரும்ப 3.6 மீட்டர். உள்ளே செம்பு 0.5 சதுர மில்லிமீட்டர் இருந்தால், 65 வாட்டுக்கான 3.34 ஆம்பியர் ஓடும்போது வழியில் 0.4 வோல்ட் இழப்பு; கவலையில்லை. அதையே 0.2 ஆக மெலித்தால் இழப்பு 1 வோல்ட்டைத் தாண்டும், வொயரே மூன்று வாட்டுக்கு மேல் சூடாக மாற்றும். செம்பு பூசிய அலுமினியம் என்றால் இன்னும் மோசம். மல்டிமீட்டரில் சும்மா அளக்கும்போது 19.5 காட்டிய சார்ஜர், லேப்டாப் வேலை செய்யத் தொடங்கியதும் தள்ளாடுவதும், சார்ஜ் ஏறுகிறது, ஏறவில்லை என்று மாறி மாறிக் காட்டுவதும் இதனால்தான். எனவே பேட்டரி நன்றாகக் குறைந்த லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துச் சென்று, ஆன் செய்தபடியே கால் மணி நேரம் சார்ஜ் போட்டுப் பாருங்கள். வொயர் கைக்குச் சூடாகத் தெரிந்தால் வேண்டாம். சார்ஜரின் கறுப்புப் பெட்டி வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு.

அடுத்து எர்த். மூன்று பின் பிளக் இருந்தும் உள்ளே எர்த் இணைக்காத சார்ஜர்கள் உண்டு. லேப்டாப்பின் உலோக மேல்பகுதியைத் தொட்டால் விரலில் சுருசுரு என்று வந்தால் சந்தேகப்படுங்கள். மீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, பிளக்கின் பெரிய பின்னுக்கும் டிப்பின் வெளிச்சுவருக்கும் இணைப்பு இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான மூன்று பின் ஒரிஜினல்களில் இருக்கும். சார்ஜரில் இருந்தும் சுருசுருப்பு நிற்காவிட்டால் வீட்டு எர்த் குழியைப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் மண் காய்ந்து எர்த் வேலை செய்யாமல் போவது சகஜம். நன்றாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஸ்டெபிலைசர் தேவையில்லை, 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று லேபிளிலேயே இருக்கும். இடி வேறு விஷயம். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, கோடை மழையும் இடியோடுதான் வருகிறது. மலையடிவாரமான குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் கேட்கவே வேண்டாம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். லேன் கேபிளில் நெட் வருகிறதென்றால் அதையும் கழற்றுங்கள். மலிவுச் சார்ஜர்களில் மின்னெழுச்சியைத் தடுக்கும் பாகம் பெயருக்குத்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது.

வாங்கும்போது லேபிளில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும், ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும், ஆர் என்ற எழுத்துக்குப் பின் எட்டு இலக்கமும் இருக்க வேண்டும். அந்த எட்டு இலக்கத்தை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயரும் பொருளும் வரும். பெட்டியில் இருக்கும் பெயரோடு அது பொருந்தாவிட்டால் பொருளை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

போர்டு பிரச்சினை என்று தெரிந்து சர்வீஸுக்குக் கொடுப்பதானால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரிக்கவரி கீயை (திறக்கும் எண்ணை) முதலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி எழுதி வையுங்கள். பயாஸை மாற்றினாலோ போர்டை மாற்றினாலோ விண்டோஸ் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். இல்லையென்றால் பூட்டிய டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்களைக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி ஊதியிருக்கிறது. சார்ஜ் போடாமல் அப்படியே கொண்டு போய்க் கொடுங்கள்.

புதுச் சார்ஜரின் வாரன்டி பெரும்பாலும் கடைக்காரர் ஒட்டும் ஸ்டிக்கரில்தான் இருக்கிறது. பில்லில் வாட், ஆம்பியர், ஆர் எண், வாரன்டி மாதம் நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கடலோர ஈரத்தில் அந்த ஸ்டிக்கரின் மை சீக்கிரம் அழிந்துவிடும். வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.