திறக்காத கியர்பாக்ஸுக்கு ரூ.14,750: கியர் சத்தம் என்று வண்டியை விடுவோர் கவனத்திற்கு

சென்னையின் தென்பகுதியில், கண்ணாடி முகப்பும் ஏசி போட்ட காத்திருப்பு அறையும் வைத்து, எல்லா நிறுவனங்களின் வண்டிகளையும் பார்ப்பதாகப் பலகை மாட்டியிருக்கும் ஒரு சர்வீஸ் சென்டர், என் 150 சிசி பைக்கின் கியர்பாக்ஸைத் தொடாமலேயே அதைப் பிரித்துச் சரிசெய்ததாகச் சொல்லி 14,750 ரூபாயை வாங்கிக்கொண்டது. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று தொலைபேசியிலேயே மிரட்டிவிட்டார்கள். எனவே பெயரை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இப்படிப்பட்ட இடங்களில் ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வண்டியில் இருந்த குறை இதுதான். நியூட்ரலிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது 'டடக்' என்று பலமாக அடித்து வண்டி முன்னால் துள்ளும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரவென்று அரைக்கும். சிக்னலில் நின்றுவிட்டால் நியூட்ரல் விழவே விழாது. முதல் கியர் விழும்போது ஓரளவு 'டக்' சத்தம் எல்லா பைக்குக்கும் உண்டு என்பதும், காலையில் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது அது சற்றுக் கூடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இது அந்த அளவைத் தாண்டியிருந்ததால்தான் கொண்டுபோனேன்.

அங்கே சீருடை அணிந்த அட்வைசர் ஒருவர் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியை என் காதில் வைத்தார். உள்ளேயிருந்து ஓர் உர்ர்ரென்ற ஓசை கேட்டது. "கேக்குதா சார்? மூணாவது கியர் பல்லு போயிருச்சு. இப்படியே ஓட்டினா ஒருநாள் கியர் லாக் ஆகி பின்வீல் அப்படியே பிடிச்சுக்கும்" என்றவர், பெட்ரோல் டேங்க்குக்கு முன்னால் நான் மாட்டியிருக்கும் குழந்தை இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாப்பாவ வெச்சு ஓட்றீங்க போல" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பேரம் அங்கேயே முடிந்துவிட்டது. அவர்கள் விற்பது கியர் இல்லை, அந்தப் பயத்தைத்தான் என்று இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அந்த ஸ்க்ரூடிரைவர் வித்தையில் எவ்வளவு பொய் இருக்கிறது என்று பாருங்கள். பைக்கின் கியர்பாக்ஸில் எல்லாப் பற்சக்கரங்களும் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றுகின்றன. கியர் மாற்றும்போது பற்கள் விலகிச் சேர்வதில்லை. சக்கரங்களின் பக்கவாட்டில் இருக்கும் முட்டுகள் நகர்ந்து அடுத்த சக்கரத்தின் குழிகளில் விழுகின்றன, அவ்வளவுதான். ஆகவே நியூட்ரலில் கிளட்ச்சை விட்டிருக்கும்போது உள்ளே ஒரு சுழல் ஓசை கேட்பதும், கிளட்ச்சைப் பிடித்தால் அது அடங்குவதும் நல்ல வண்டியிலும் நடப்பவையே. மூன்றாவது கியரில் உண்மையாகவே பல் உடைந்திருந்தால், அந்தக் கியரில் பாரத்தோடு ஓட்டும்போது சக்கரம் சுற்றும் தாளத்துக்கு ஏற்ப விட்டுவிட்டுத் தட்டும். நின்ற வண்டியை நியூட்ரலில் வைத்து, இத்தனாவது கியரில் பல் போனது என்று காதால் சொல்ல எந்த மெக்கானிக்காலும் முடியாது.

வண்டியை எடுக்கப் போனபோது பில் தயாராக இருந்தது: கியர் செட் 6,900, ஷிஃப்ட் ஃபோர்க் (கியரை நகர்த்தும் கவை) 1,150, கேஸ்கட் 650, எஞ்சின் இறக்கி ஏற்றிய கூலி 4,800, எண்ணெயும் இதரமும் 1,250. மொத்தம் 14,750 ரூபாய். ஜிஎஸ்டி எண் எங்கும் இல்லை. பழைய பாகங்கள் என்று ஒரு துணியில் முடிந்து இரண்டு பற்சக்கரங்களைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோது பற்களின் இடுக்கில் செம்பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. விரலால் தேய்த்தால் பொடி ஒட்டியது, ஒரு சொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. நாள் முழுவதும் எஞ்சின் எண்ணெயில் மூழ்கிச் சுற்றிய சக்கரம், கழற்றிய கையோடு எப்படித் துருப்பிடிக்கும்? எந்தப் பழைய இரும்புக் கடையிலிருந்து பொறுக்கி வந்தார்களோ.

சத்தமோ அப்படியே இருந்தது. திரும்பக் கொண்டுபோனால், "புது கியர் சார், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்றார்கள். ஓடியது, ஆகவில்லை. அடுத்த முறை பழி என் மேல் விழுந்தது: "நீங்க டவுன்ஷிஃப்ட் பண்றதே தப்பு சார், அதான் அரைக்குது." எனக்கு இதுதான் உச்சகட்டக் கோபம். நான்காவது கியரில் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும் எஞ்சின், அதே வேகத்தில் மூன்றுக்கு இறங்கினால் ஏறத்தாழ 5,000 சுற்றுக்கு வந்தாக வேண்டும். அதனால்தான் ஆக்ஸிலரேட்டரை விட்டு, கிளட்ச்சை முழுதாகப் பிடித்து, ஒரே ஒரு கியர் இறக்கி, ஆக்ஸிலரேட்டரை லேசாக ஒரு முறுக்கு முறுக்கிச் சுற்றை ஏற்றிக்கொண்டு, கிளட்ச்சை நிதானமாக விட வேண்டும். அந்த முறுக்கு இல்லாமல் கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் வண்டி முக்கும், ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கவும் செய்யும். நின்ற பிறகு நான்கிலிருந்து ஒன்றுக்கு மிதித்துத் தள்ளாமல், உருண்டுகொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், ஏனென்றால் சக்கரங்கள் சுற்றினால்தான் முட்டுகள் குழிகளுக்கு நேராக வரும். இவ்வளவையும் கடைப்பிடித்துத்தான் ஓட்டுகிறேன். அட்வைசரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். அவருக்கு உடனே ஒரு போன் வந்துவிட்டது.

எங்கள் தெருமுனையில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் எஞ்சினைக் கூட ஸ்டார்ட் செய்யவில்லை. கிளட்ச் லீவரை ஒரு விரலால் அசைத்தார். முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டிய தளர்வு, பாதி தூரத்துக்குத் தொளதொளவென்று போனது. ரப்பர் உறையை விலக்கிக் காட்டினார்: கேபிள் லீவருக்குள் நுழையும் இடத்தில் இழைகள் அறுந்து, மிச்சம் மூன்று நான்கு இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. லீவரை முழுதாகப் பிடித்தாலும் கிளட்ச் தட்டுகள் முழுதாக விலகாததால், கியர்பாக்ஸுக்குள் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றும் முட்டு நிற்கும் குழியில் போய் இடிக்கும். டடக் சத்தம், அரைப்பு, விழாத நியூட்ரல் மூன்றுக்கும் காரணம் அதுதான். செயினும் தளர்ந்து தொங்கியதால் துள்ளல் கூடியிருக்கிறது. "எஞ்சினே இறங்கல தம்பி, பாருங்க" என்று டார்ச் அடித்தார். எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகளின் தலையில் பல மழைக்காலத்துச் சேறு கல்லாக இறுகியிருந்தது. எஞ்சினை இரண்டு பாதிகளாகப் பிளந்தால்தான் கியரை எடுக்க முடியும். அந்தப் பாதிகள் சேரும் நடுக்கோட்டில் அழுக்கு எங்கும் அறுபடாமல் ஓடியது. ஸ்பேனர் பட்ட புதுத் தடம் எண்ணெய் வடிக்கும் போல்ட்டில் மட்டுமே இருந்தது. கேபிள் மாற்றி, செயினை இழுத்துக் கட்ட அவர் வாங்கியது 380 ரூபாய். இப்போது கியர் வெண்ணெயாக விழுகிறது.

அந்தப் போல்ட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கே போய்க் கேட்டேன். மேனேஜர் விடுப்பு என்றார்கள். பிறகு பில்லிங் தனி, பட்டறை தனி என்றார்கள். பிறகு "போல்ட்ட நாங்க சுத்தம் பண்ண மாட்டோம் சார், அதான் சேறு" என்று கூசாமல் சொன்னார்கள். சேற்றை உடைக்காமல் போல்ட்டைக் கழற்றும் மந்திரம் எது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, 14,750 ரூபாய் மட்டும் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை, 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன், விரிவாக எழுதப் பொறுமை இல்லை. கியர் சத்தம் என்றால் முதலில் கிளட்ச் கேபிளையும் செயினையும் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் டப்பாவில் பைக் எண்ணெய்க்கான தரக்குறியான ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) இருக்கிறதா என்று பாருங்கள், கார் எண்ணெயை ஊற்ற விடாதீர்கள். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றால் இன்னொருவரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள். சம்மதித்தால் எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகளை முன்பே படம் எடுத்துவிட்டு, பிரித்த நிலையில் நேரில் பார்க்க வருவேன் என்று ஜாப் கார்டிலேயே (வண்டியை விடும்போது வேலை விவரம் எழுதித் தரும் சீட்டு) எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இதே போன்ற இடத்தில் மாட்டியவர்கள் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.