கயாக் ஓட்டினா மணிக்கட்டு வலிக்குதா? எந்தத் துடுப்பு கைக்கு நல்லது

முட்டுக்காடு பக்கம் எதிர்காத்துல ரெண்டு மணி நேரம் கயாக் (துடுப்பு போட்டு ஓட்டற ஒடுக்கமான சின்னப் படகு) ஓட்டிட்டு வந்தா மறுநாள் எனக்கு வலது பெருவிரல் பக்கமும் முன்னங்கை மேல்பக்கமும் விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும், டீ டம்ளர் தூக்கவே முடியாது. அதனால ஒவ்வொரு துடுப்பா மாத்திப் பாத்தேன்.

முதல்ல ஃபெதர் விஷயம். துடுப்போட ரெண்டு முனையிலயும் இருக்கற தட்டையான பிளேடு ரெண்டும் ஒரே தளத்துல இருந்தா 0 டிகிரி, ஒண்ண மட்டும் திருப்பி வச்சா அது ஃபெதர், பழைய துடுப்புல 60 டிகிரிக்கு மேலயே இருக்கும். மேல நிக்கிற பிளேடு காத்தைக் கிழிச்சிட்டுப் போகும், அது நிஜமாவே லாபம்தான். ஆனா இடது பக்கம் போடற ஒவ்வொரு தடவையும் பிளேடைத் திருப்ப வலது மணிக்கட்டு பின்னாடி மடங்கியாகணும், நிமிஷத்துக்கு 50 வீச்சுன்னு வச்சாலே மணிக்கு 3000, அதுல பாதி 1500 தடவை மடங்குது, வலிக்காம என்ன செய்யும்? என் ஓட்டு 0க்குத்தான், காத்து ரொம்ப அடிச்சா 30 போதும். நடு ஜாயிண்ட்ல பட்டன் இருந்தா இந்தக் கோணத்த பைசா செலவில்லாம மாத்திக்கலாம்.

கையால பிடிக்கிற தண்டு, அதாவது ஷாஃப்ட், வளைஞ்சதா நேரானதா? வளைஞ்சதுல இழுக்கும்போது மணிக்கட்டு நேரா நிக்கும், சுகமா இருக்கும். ஆனா விலை ஜாஸ்தி, கையை நகர்த்திப் பிடிக்க இடமும் கம்மி. நான் இதுக்கு மூணாவது இடம்தான் தருவேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கிரீன்லாந்து துடுப்பு, ஆர்க்டிக் பகுதிப் பழங்குடியான இன்யூட் வேட்டைக்காரங்க சீல் பிடிக்கப் போனப்ப வச்சிருந்த மரத்துடுப்பு. பிளேடு அகலம் 8, 9 சென்டிமீட்டர்தான், வழக்கமான துடுப்புல பாதி. தண்ணியில வெடுக்குனு பிடிக்காது, மெதுவா பாரம் ஏறும், மூட்டுக்கு அந்த முதல் குலுக்கலே வராது. ஃபெதரும் கிடையாது. சட்டுனு வேகம் எடுக்கணும்னாலோ ஆழமில்லாத தண்ணினாலோ அகல பிளேடுதான் ஜெயிக்கும், அத ஒத்துக்கிறேன்.

ஆனா எத வாங்கினாலும் இறுக்கிப் பிடிச்சா போச்சு. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வளையம் மாதிரி இருக்கட்டும், மத்த மூணும் தளர்வா. தள்ளுற கையில விரலைத் திறந்து உள்ளங்கையால தள்ளுங்க, இழுக்கற வேலைய இடுப்பு திரும்பிச் செய்யட்டும்.

மணிக்கட்ட அசைக்கும்போது உள்ள நறநறன்னு உரசற மாதிரி இருந்தா மட்டும் துடுப்பு மாத்திப் பாக்காதீங்க, தசைநாண் உறை வீங்கியிருக்கலாம், தண்ணியில இறங்காம டாக்டரைப் பாருங்க.