ஸ்லிப்பியில் மெலீ: பல ஆண்டுகள் ஆடிய பிறகு

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ 2001-இல் நின்டெண்டோவின் கேம்கியூப் பெட்டிக்காக வந்த சண்டை விளையாட்டு. அதை இணையத்தில் ஆட வழிசெய்யும் இலவச மென்பொருள் ஸ்லிப்பி. 2020 ஜூனில் ரோல்பேக் என்னும், இணையத் தாமதத்தை மறைக்கும் வசதியுடன் அது வெளிவந்தபோது ஆடத் தொடங்கியவன், இன்றும் டொராண்டோவில் என் அறையில் இருந்தபடி ஆடிக்கொண்டிருக்கிறேன். ஸ்லிப்பியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் அதன் வேகத்தைப் புகழ்வார்கள். புகழட்டும், அது தகும். என் ஆட்டத்தை மாற்றியது வேறொன்று: ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் கணினியில் தானாகச் சேரும் ரீப்ளே கோப்பு. அதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுக்கப்போகிறேன்.

மெலீயை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: இதில் குறைந்துகொண்டே வரும் உயிர்க்கோடு கிடையாது. அடி வாங்க வாங்க உங்கள் சதவீதம் ஏறும். அது ஏற ஏற அடுத்த அடி உங்களை இன்னும் தொலைவாகத் தூக்கி எறியும். திரையின் எல்லையைத் தாண்டி விழுந்தால் ஓர் உயிர் போகும். போட்டிகளில் ஆளுக்கு 4 உயிர், 8 நிமிடம். பொருள்கள் எதுவும் மேலிருந்து விழாது. மேடைகள் ஆறு மட்டும். பாத்திரங்கள் 26 இருந்தாலும் ஃபாக்ஸ், ஃபால்கோ, மார்த், ஷீக் போன்ற சிலரைத்தான் அடிக்கடி சந்திப்பீர்கள். நான் ஆடுவது மார்த். கையில் நீண்ட வாள். அதன் நுனி பட்டால் விழும் அடி, நடுப்பகுதி படுவதைவிட மிக வலியது. ஆகவே மார்த் ஆடுகிறவருக்கு ஒவ்வொரு நொடியும் தூரக் கணக்குதான்.

வேகம் எவ்வளவு என்று கேட்டால், விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனித்தனிப் படங்கள், ஓடும் இந்த விளையாட்டில் ஃபாக்ஸின் ‘ஷைன்’ அடி முதல் ஃபிரேமிலேயே வந்துவிடுகிறது. காற்றில் தாக்கியபடி தரையிறங்கும்போது, தரை தொடுவதற்கு முந்தைய 7 ஃபிரேமுக்குள் ஷீல்டு பட்டனை அழுத்தினால், இறங்கியபின் அசைய முடியாத நேரம் பாதியாகக் குறையும். இதை எல்-கேன்சல் என்பார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதை மூச்சு விடுவதுபோல் ஒவ்வொரு முறையும் செய்கிறார்கள். இவ்வளவு நுட்பமான ஒன்றை இணையத்தில் ஆடுவது நடக்காத காரியம் என்றுதான் நெடுங்காலம் நினைத்தோம்.

அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. ஸ்லிப்பிக்கு முன், கேம்கியூப் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டரின் பழைய இணைய வசதியில் ஆடுவோம். எதிராளியை ஆந்தர்ஸ் லாடர் தளத்தில் தேடிக்கொள்வோம். அந்த முறையில் எதிராளியின் பட்டன் உங்கள் கணினியை வந்தடையும் வரை ஆட்டம் காத்திருக்கும். அதற்காக இரு பக்கமும் சில ஃபிரேம் தாமதத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்வார்கள். கை ஓரிடத்தில், திரை வேறோரிடத்தில். வாரம் முழுவதும் அப்படி ஆடிவிட்டுச் சனிக்கிழமை நேரில் ஆட, தாமதமில்லாத பழைய குழாய் டிவியின் முன் உட்கார்ந்தால் எல்-கேன்சல் எல்லாம் முந்திக்கொண்டு விழும்.

ரோல்பேக் காத்திருப்பதில்லை. எதிராளி சென்ற ஃபிரேமில் எதைப் பிடித்திருந்தாரோ அதையே இப்போதும் பிடித்திருக்கிறார் என்று ஊகித்து ஆட்டத்தை நகர்த்துகிறது. உண்மையான தகவல் வந்ததும் ஊகம் பிழை என்றால் சேமித்துவைத்த பழைய நிலைக்குப் போய், சரியான பட்டனோடு மறுபடி கணக்கிட்டு, அடுத்த ஃபிரேமிலேயே திருத்திய காட்சியைக் காட்டிவிடுகிறது. நம் விரல்கள் எவ்வளவு வேகமாக அசைந்தாலும் பெரும்பாலான ஃபிரேம்களில் நாம் முன்பு பிடித்ததையேதான் பிடித்திருக்கிறோம் என்பதால் ஊகம் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. ஸ்லிப்பியின் இயல்பான தாமதம் 2 ஃபிரேம்தான். நல்ல மானிட்டரும் கேபிள் இணைப்பும் இருந்தால், குழாய் டிவியில் ஆடும் உணர்வுக்கு மிக அருகில் வருகிறது. ஃபிஸி என்னும் பெயரில் அறியப்படும் ஜாஸ் லாஃபெரியேர் தலைமையில், விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தின் உதவி எதுவுமின்றி, ஆர்வலர்கள் செய்த வேலை இது. நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

குறை தெரியும் இடமும் உண்டு. பிங், அதாவது தகவல் எதிராளியின் கணினிக்குப் போய்த் திரும்பும் நேரம், 60, 70 மில்லி விநாடி வரை எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. நூறைத் தாண்டும்போது எதிராளி இருந்த இடத்திலிருந்து சட்டென்று வேறிடத்தில் முளைக்கத் தொடங்குவார். மிக மோசமானது அதிக பிங் அல்ல, நிலையில்லாத பிங். எண்பதிலேயே நிற்கும் இணைப்போடு ஆடிவிடலாம். முப்பதுக்கும் நூற்றிருபதுக்கும் இடையே துள்ளும் வைஃபையோடு ஆட முடியாது. தரவு நடுவே ஒரு சர்வர் வழியாகப் போகாமல் இரு கணினிகளுக்கும் இடையே நேரடியாகப் போவதால், எதிராளியின் வீட்டு இணைப்பு உங்கள் ஆட்டத்தின் தரத்தில் பாதி. கேபிள் போடுங்கள். உங்களோடு ஆடுபவருக்குச் செய்யும் முதல் மரியாதை அது.

இனி ரீப்ளே. ஸ்லிப்பி 2018-இல் முதலில் வெளிவந்ததே ஆட்டங்களைப் பதிவுசெய்யும் கருவியாகத்தான். இணைய ஆட்டம் பிறகு வந்தது. அது காணொளியைச் சேமிப்பதில்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் இருவரின் கன்ட்ரோலர் ஸ்டிக் எங்கே இருந்தது, எந்தப் பட்டன் அழுந்தியது, பாத்திரம் எங்கே நின்றது, சதவீதம் என்ன என்பதை மட்டும் குறித்துவைக்கிறது. அதனால் ஒரு முழு ஆட்டம் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். வேண்டும்போது விளையாட்டே அந்தப் பதிவை வைத்து ஆட்டத்தை மறுபடி நடத்திக் காட்டும். முன்பெல்லாம் ஓர் ஆட்டத்தைத் திரும்பப் பார்க்க வேண்டுமானால் யாராவது பதிவுக் கருவி வைத்திருக்க வேண்டும். பெரிய போட்டிகளில் முன்னணியில் இருந்தவர்களுக்கே அந்த வாய்ப்பு. இன்றோ, நேற்றுச் சேர்ந்தவருக்கும் தன் ஆட்டம் முழுவதும் கையில் இருக்கிறது.

நான் அதிகம் ஆடுவது நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தி மகனோடு. அவன் ஃபாக்ஸ். எங்களுக்கிடையே பிங் பெரும்பாலும் முப்பதுக்குள் நிற்கும். தரையில் விழுத்தப்படுகிறவருக்கு நான்கு வழிகள் உண்டு: விழும் கணத்தில் ஷீல்டு பட்டனை அழுத்தி அங்கேயே எழலாம், இடப்பக்கமோ வலப்பக்கமோ உருளலாம், அல்லது எதுவும் அழுத்தாமல் அப்படியே கிடக்கலாம். இதில் முதல் மூன்றையும் டெக் என்பார்கள். ஆட்டத்தின் நடுவே பார்த்தால் அவன் தேர்வுகள் கலைந்து கிடப்பதாகத்தான் தெரியும். ஒரு மாலை எங்கள் கோப்புகளைத் திறந்து அவன் விழும் இடங்களை மட்டும் தொடர்ந்து பார்த்தேன். மேடையின் ஓரத்தில் விழுந்தால் ஏறக்குறைய எப்போதும் நடுப்பக்கம் உருள்கிறான். சதவீதம் உயர்ந்து, இன்னோர் அடியில் உயிர் போய்விடும் என்னும் நிலையில் மட்டும் உருளாமல் இருந்த இடத்திலேயே எழுகிறான். பயம் வந்ததும் தேர்வு மாறுகிறது. அடுத்த முறை ஆடியபோது ஓரத்தில் அவன் விழும் முன்பே நடுப்பக்கம் நடக்கத் தொடங்கினேன். மார்த்தின் பிடி அவனுக்காகக் காத்திருந்தது. சில வாரங்களில் அவனும் என் கோப்புகளைத் திறந்து, என் வழக்கம் ஒன்றைக் கண்டெடுத்துப் பழிதீர்த்துக்கொண்டான். இந்த விளையாட்டில் எனக்கு இதைவிட இனிமையான பகுதி கிடையாது.

ரீப்ளேயைப் பார்ப்பதிலும் முறை இருக்கிறது. உயிர் போகும் கணத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதால் பயன் குறைவு. அது விளைவு மட்டுமே. அதற்குப் பத்து விநாடி முன்னே போங்கள். இருவரும் யாரும் யாரையும் தொடாமல் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்த நேரம் அது. முதலில் பொறுமை இழந்து உள்ளே நுழைந்தது யார், எந்தத் தூரத்தில், எதற்குப் பிறகு? பெரும்பாலான ஆட்டங்களின் முடிவு அங்கேதான் எழுதப்படுகிறது. ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஒரு நாள் ஓரத்தில் தொங்கும் தருணங்கள், ஒரு நாள் ஷீல்டுக்குள் இருக்கும் தருணங்கள் என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

ஒவ்வொரு கோப்புக்கும் ஸ்லிப்பி புள்ளிவிவரமும் தருகிறது. ஓர் உயிரை எடுக்க எத்தனை முறை வாய்ப்பைத் திறக்க வேண்டியிருந்தது, திறந்த ஒவ்வொரு முறையும் எவ்வளவு சேதம் செய்தீர்கள் என்ற இரண்டும் பொன்னான எண்கள். முதல் எண் உயர்ந்தால் கிடைத்த வாய்ப்பை முடிக்கத் தெரியவில்லை என்று பொருள். பயிற்சி அறைக்குப் போக வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை பட்டன் அழுத்தினீர்கள் என்று காட்டும் எண்ணை மட்டும் நான் பார்ப்பதில்லை. தேவையில்லாத அசைவுகளால் அதை எளிதில் ஏற்றிவிடலாம்; கைக்கு வலி, ஆட்டத்துக்கு லாபமில்லை.

தரவரிசை ஆட்டம் 2022 டிசம்பரில் வந்தது. முதலில் 5 தொகுதிகள் ஆடினால் உங்கள் நிலை தெரியும். பிறகு வெண்கலத்திலிருந்து கிராண்ட்மாஸ்டர் வரை படிகள். மூன்றில் இரண்டு வென்றால் தொகுதி உங்களுடையது. மேடையை இருவரும் மாறி மாறி நீக்கித் தேர்வு செய்வதால் உண்மையான போட்டியின் ஒழுங்கு அதில் இருக்கிறது. பதற்றத்தோடு ஆடப் பழக இதைவிட நல்ல இடம் வீட்டுக்குள் கிடையாது. ஆனாலும் நாள்தோறும் தரவரிசை மட்டும் ஆடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று ஆட்டத்தில் முகம் தெரியாத ஒருவர் போய்விடுகிறார். அவரைப் படித்து முடிக்கும் முன்பே அடுத்தவர் வந்துவிடுகிறார். அங்கே வெல்வது எல்லோர் மீதும் ஓரளவு செல்லுபடியாகும் உத்தி. உள்ளூர்ப் போட்டியில் ஐந்தில் மூன்று ஆடும் நீண்ட தொகுதியில் எதிராளி உங்களுக்கேற்ப மாறுகிறார். அந்த மாற்றத்துக்கு மறுமாற்றம் செய்யும் திறனை ஒருவரை நேரடியாக அழைக்க உதவும் இணைப்புக் குறியீட்டைப் பகிர்ந்து அவரோடு மட்டும் மணிக்கணக்கில் ஆடும் ஆட்டமே வளர்க்கிறது.

கன்ட்ரோலரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கேம்கியூப் கன்ட்ரோலரும் அதற்கான யூஎஸ்பி அடாப்டரும் இருந்தால் தொடங்கிவிடலாம். ஒரே மாதிரி இரண்டு கன்ட்ரோலர் கிடையாது என்பதால் ஸ்டிக்கின் வேறுபாடுகளைச் சமன்செய்யும் யூசிஎஃப் என்னும் திருத்தம் ஸ்லிப்பியிலேயே சேர்ந்து வருகிறது. கைகளைப் பற்றிய எச்சரிக்கை அதைவிட முக்கியம். மெலீ கையை வருத்தும் விளையாட்டு. ஹேக்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் கையில் பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு, ஸ்டிக்கே இல்லாமல் பட்டன்களால் மட்டும் ஆடும் பாக்ஸ் என்ற பெட்டியை வடிவமைத்தார். அத்தகைய பெட்டிகள் நியாயமான அனுகூலத்தைத் தாண்டுகின்றனவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. வலியோடு ஒருவர் விளையாட்டைவிட்டுப் போவதைவிடப் பெட்டியோடு இருப்பது மேல் என்பது என் கட்சி. மணிக்கட்டில் வலி தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு ரீப்ளே பாருங்கள்.

2020 டிசம்பரில் இணையவழியில் நடக்கவிருந்த தி பிக் ஹவுஸ் போட்டி, ஸ்லிப்பியைப் பயன்படுத்தவிருந்ததற்காக நின்டெண்டோ அனுப்பிய தடை அறிவிப்பால் நவம்பரிலேயே ரத்தானது. பெருந்தொற்றில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்த காலம் அது. இருபது ஆண்டுக்கு முந்தைய விளையாட்டை அதன் ரசிகர்களே உயிரோடு வைத்திருக்கும்போது அதை நிறுத்தியது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. விளையாட்டின் கோப்பு ஸ்லிப்பியோடு வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுடைய வட்டிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டும், அதுவும் வட அமெரிக்கப் பதிப்பின் 1.02.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து ஆட நினைப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். டொராண்டோவில் இருக்கும் எனக்கு நியூயார்க்கும் மிச்சிகனும் பக்கத்து வீடுகள்; எந்த நேரத்தில் தேடினாலும் ஆள் கிடைக்கும். கடல்தாண்டி என்னோடு ஆடினால் பிங் இருநூறைத் தாண்டும், அதை எந்த ரோல்பேக்கும் மறைக்காது. ஆகவே தரவரிசையை மறந்துவிட்டு, உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஒரே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவரும் கேபிள் போட்டு, வாரத்தில் இரண்டு மாலை ஆடி, கோப்புகளை மாற்றிக்கொண்டு பார்த்தால் போதும். என் ஆட்டத்தில் முன்னேற்றம் வந்ததும் பெரும்பகுதி அந்த வழியில்தான்.