பழைய வண்டி கொதிக்கிறதா? ரேடியேட்டரை விட்டுவிட்டு பிளாக்கைப் பாருங்கள்

1960களில் வந்த நான்கு சிலிண்டர் வண்டி, வார்ப்பிரும்பு பிளாக் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்), பித்தளை ரேடியேட்டர். சில வருடமாக ஓட்டுகிறேன். என் கைக்கு வரும்போதே புது ரேடியேட்டர் கோர் (தண்ணீர் ஓடும் குழாய்கள் உள்ள பகுதி) போட்டிருந்தார்கள், ஆனாலும் மேடு ஏறினால் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடும். கோளாறு பிளாக்கிற்குள் இருந்தது.

இந்த வயசு வண்டிகளில் பெரும்பாலும் யாராவது ஒருவர் வெறும் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருப்பார். துரு உதிர்ந்து, தண்ணீர் ஓட்டம் மந்தமாக இருக்கும் பின்பக்க சிலிண்டரைச் சுற்றி அடியில் படிந்து இறுகிவிடும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள, தண்ணீரை வடிக்கும் ட்ரெயின் பிளக்கைக் கழற்றினேன், ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தக் குத்த, காப்பி டிகாக்ஷன் மண்டி மாதிரி ஒன்று மெதுவாக வழிந்து, அப்புறம்தான் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ரேடியேட்டரை மட்டும் காலி செய்து கூலன்ட் மாற்றினால் இந்தச் சேறு அசையவே அசையாது.

சுத்தம் செய்ய நான் நம்புவது சிட்ரிக் அமிலம். தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றி வைத்து, ஹீட்டர் வால்வைத் திறந்துவிட்டு, கரைசலை ஊற்றி எஞ்சினைச் சூடாக ஓடவிட்டு, ஆறியபின் வடித்து, சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, கடைசியில் ஹோஸ் பைப்பை வைத்து எதிர்த்திசையில் அடிக்க வேண்டும். காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம், அலுமினிய ஹெட்டைத் தின்றுவிடும். சுத்தம் செய்தபின் கோர் பிளக் (பிளாக்கின் பக்கத் துளைகளை அடைக்கும் தகட்டு மூடி) கசிந்தால் அமிலத்தைத் திட்டாதீர்கள், அதுவரை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே துருதான்.

மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் இடத்தில் ஒரு நைலான் காலுறைத் துண்டைச் செருகி ஓட்டினேன். பிளாக்கிலிருந்து அதன்பிறகும் உதிரும் துருச்செதில் அதில் சிக்கும், இல்லாவிட்டால் நேராகப் போய் புது கோரின் குழாய்களை அடைக்கும். அடிக்கடி எடுத்துப் பாருங்கள், நிரம்பினால் அதுவே அடைப்பு.

தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறியச் சொல்லும் மெக்கானிக்குகள் நிறைய. எனக்கு உடன்பாடில்லை. பைபாஸ் (ரேடியேட்டரைத் தொடாமல் தண்ணீர் சுற்றும் குறுக்கு வழி) உள்ள சில எஞ்சின்களில் அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே உள்ளே சுற்றும். 82 டிகிரி என்று போட்டிருந்தால், பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சி தெர்மாமீட்டர் வைத்து, அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்குகிறதா என்று பார்த்தால் போதும். ரேடியேட்டர் மூடி விஷயத்தில் மட்டும் ஆசைப்படக் கூடாது. மூடி தாங்கும் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) கூடினால் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி செல்சியஸ் ஏறும் என்பது உண்மைதான், அதற்காக 7 பிஎஸ்ஐ ரேடியேட்டருக்கு 13 பிஎஸ்ஐ மூடி போட்டால் பழைய ஈயப் பற்றுகள் விட்டுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் வேகமாகப் போகும்போது மட்டும் சூடேறினால் கீழ் ஹோஸைப் பாருங்கள், உள்ளே ஸ்பிரிங் இல்லாவிட்டால் பம்ப் உறிஞ்சும் வேகத்தில் சப்பையாகிவிடும். இக்னிஷன் டைமிங் பிந்தியிருந்தாலும் இதே கதைதான்.

இப்போது மேட்டில் முள் நடுவிலேயே நிற்கிறது. டிராஃபிக்கில் நின்றால் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது, ஃபேனைச் சுற்றி ஒரு தகட்டுக் கூடு அடித்துப் போட்டபின் அதுவும் குறைந்திருக்கிறது. பழைய வண்டிகளுக்கான பச்சை அல்லது நீலக் கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரில் பாதிக்குப் பாதி கலந்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள், இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், பூனையும் நக்கக்கூடும், அது கொடிய விஷம்.