பாஸ்டன் குழுவின் 43 கிகாஹெர்ட்ஸ் பிளேசார் தரவு: எங்கே உதவும், எங்கே ஏமாற்றும்

கருந்துளையருகிலிருந்து பீறிடும் தாரை (ஜெட்) காமாக் கதிரில் சீறும்போது, அதாவது திடீரெனப் பிரகாசிக்கும்போது, ரேடியோவில் என்ன நடந்தது என்று பார்க்க, இலவசமாகக் கிடைப்பவற்றில் நாங்கள் முதலில் கைநீட்டுவது இந்தத் தொகுப்பைத்தான். பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2007 ஜூனில் விஎல்பிஏ என்ற ரேடியோ தொலைநோக்கி வலையமைப்பைக் கொண்டு முப்பதுக்கும் மேற்பட்ட பிளேசார்களை (தாரை நம்மை நோக்கியிருக்கும் கருந்துளை மண்டலங்களை) ஏறத்தாழ மாதம் ஒருமுறை படமெடுக்கத் தொடங்கியது. ஹவாய் முதல் செயின்ட் குரோய் தீவு வரை 25 மீட்டர் விட்டமுள்ள பத்து ஆன்டெனாக்கள். பகுதிறன், அதாவது பிரித்துக் காணக்கூடிய மிகச் சிறிய கோணம், சுமார் 0.1 மில்லி ஆர்க்செகண்ட் (ஓர் ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு). 3சி 454.3 என்ற பிளேசார் இருக்கும் தொலைவில் (சிவப்புப் பெயர்ச்சி 0.859) அது முக்கால் பார்செக்கைத் தொடும் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு).

படத்தை மட்டும் இறக்கினால் பாதிப் பயன்தான். அளவுதிருத்தம் செய்த யுவி கோப்பையும் (ஆன்டெனா இணைகளின் அளவீடுகள்) எடுத்து, டிஃப்மேப் என்ற படமாக்கும் மென்பொருளில் பிக்சலை 0.03 மில்லி ஆர்க்செகண்ட் அளவில் வையுங்கள். பிறகு தாரையிலுள்ள பிரகாசத் திட்டுகளுக்கு (இவையே முடிச்சுகள்) வட்டக் காஸியன்களை, அதாவது மணி வடிவப் பிரகாசப் பரவல்களை, அதன் மாடல்ஃபிட் கட்டளையில் பொருத்துங்கள். எல்லா நாட்களுக்கும் ஒரே பீம் அளவு (ஒரு புள்ளி படத்தில் பரவித் தெரியும் அளவு) வைக்காமல் படங்களை ஒப்பிட வேண்டாம். ஹவாயின் மௌனா கியாவோ செயின்ட் குரோயோ விடுபட்ட நாளில் கிழக்கு-மேற்குப் பகுதிறன் சரியும். முடிச்சு பின்னோக்கி நகர்ந்ததுபோல் தெரிந்தால் முதலில் ஆன்டெனாப் பட்டியலைப் பாருங்கள். 3சி 279 போல வான நடுக்கோட்டை ஒட்டிய மூலங்களில் பீம் வடக்கு-தெற்காக எப்போதுமே நீண்டிருக்கும்.

செல்ஃப்-கேல் (மூலத்தின் படத்தையே வைத்துத் தரவின் பிழையைத் திருத்துவது) செய்தபின் முழுமையான இருப்பிடம் தொலைந்துவிடும். அளப்பதெல்லாம் கோரிலிருந்து (தாரையின் தொடக்கத்தில் அசையாததாகக் கொள்ளும் பிரகாசப் புள்ளி) உள்ள தூரம் மட்டுமே. ஃபெர்மி காமாக் கதிர் விண்கலம் காட்டும் சீற்றத்தோடு இணைக்க, அந்தத் தூரத்தை நேர்கோடாகப் பின்னோக்கி நீட்டி, முடிச்சு கோரைக் கடந்த நாளைக் கணிக்க வேண்டும். ஆண்டுக்கு 0.6 மில்லி ஆர்க்செகண்ட் நகரும் முடிச்சு 0.15 மில்லி ஆர்க்செகண்ட் விலகவே மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை கோர் பிரகாசமாவதுதான் ஒரே அறிகுறி. ஆகவே குறைந்தது நான்கைந்து படங்கள் சேரும்வரை தேதி சொல்வது அவசரம்.

பெரிய குறை, இடைவெளி. காமாச் சீற்றம் சில மணி நேரத்தில் ஏறி இறங்கும். இங்கே கிடைப்பதோ மாதத்துக்கு ஒரு படம். அடிக்கடி சீறும் மூலத்தில் எந்த முடிச்சுக்கும் பக்கத்தில் ஏதோ ஒரு சீற்றம் அகப்படும். சீற்றத் தேதிகளைக் கலைத்துப்போட்டு, தற்செயல் பொருத்தம் எவ்வளவு என்று பாருங்கள். இதைச் செய்யாத கட்டுரைகள் ஏராளம். முனைவாக்கமும் (ஒளி அலை ஒரே திசையில் அதிரும் போக்கு) சேர்ந்தால் வாதம் உறுதியாகும்: பிகேஎஸ் 1510-089 மூலத்தில் 2009இல் ஒளியின் முனைவாக்கக் கோணம் சுமார் 50 நாட்களில் 720 பாகை சுழன்று முடிந்த வேளையில் முடிச்சு கோரைக் கடந்தது.

43 கிகாஹெர்ட்ஸில் காற்றின் ஈரப்பதம் வீச்சளவைக் கெடுக்கும். மொத்தப் பாயத்தை (மூலத்திலிருந்து வந்து சேரும் ரேடியோப் பிரகாசத்தை) பின்லாந்தின் மெட்சாஹோவி 14 மீட்டர் தட்டின் 37 கிகாஹெர்ட்ஸ் அளவோடு ஒப்பிடுங்கள். பரந்த உமிழ்வை விஎல்பிஏ தவறவிடுவதால் சற்றுக் குறைவது இயல்பு. கூடுதலாக வந்தால் அந்த நாளின் அளவுகோலை நம்ப வேண்டாம்.