டப்பாவில் மட்டும் 4 கேஜ்

காரில் 1000 வாட் ஆம்ப்ளிஃபயர் பொருத்திய முதல் இரவு, பாட்டில் தவிலின் தொப்பியில் (கனத்த ஒலி தரும் பக்கம்) அடி விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கி எழுந்தது. பின்னிருக்கையில் இருந்த அம்மா, "விளக்கும் சேர்ந்து தாளம் போடுகிறதே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆம்ப்ளிஃபயர்மேல் குறையில்லை. நான் சொல்ல வந்தது, அதற்கு மின்சாரம் கொண்டுபோக இணையத்தில் 1,400 ரூபாய்க்கு வாங்கிய வயரிங் கிட்டைப் பற்றி. 5 மீட்டர் சிவப்புக் கேபிள், கறுப்பு எர்த், 100 ஆம்பியர் ஃபியூஸ், ஆர்சிஏ வயர் (பாட்டின் சிக்னலைக் கொண்டுபோவது), கேபிள் நுனியில் மாட்டும் நாலைந்து லக். அட்டையில் கொட்டை எழுத்தில் கேபிளின் தடிமன், '4 கேஜ்'.

என்னுடையது போன்ற, மின்சாரத்தை அதிகம் வீணாக்காத 'டி வகுப்பு' ஆம்ப்ளிஃபயர் 1000 வாட் வெளியே தள்ள, பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 1250 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது 90 ஆம்பியர். 4 கேஜ் என்றால் செம்பு 21 சதுர மி.மீ. இருக்க வேண்டும். வெட்டிப் பார்த்தேன். கேபிள் என் கட்டைவிரல் பருமன், அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக் உறை. உள்ளே இருந்த இழைகளைத் திரித்து அளந்தால் 8 சதுர மி.மீ. தேறவில்லை. ஓர் இழையை பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் உரிந்து வெள்ளையாக மின்னியது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம்!

50 ஹெர்ட்ஸ் என்ற கனத்த ஒலியை ஓடவிட்டு மல்டிமீட்டர் வைத்தபோது, பேட்டரிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே 1.6 வோல்ட் காணாமல் போயிருந்தது. ஃபியூஸ் கூடு தொட்டால் சுட்டது. இன்னும் மோசமானது அந்த 100 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் காப்பாற்ற வேண்டியது கேபிளைத்தான். இவ்வளவு மெலிந்த கேபிளில் ஃபியூஸ் போவதற்கு முன்பே உறை உருகிவிடும்.

சென்னை பாரிமுனைக் கடைத்தெருவுக்குப் போய் 25 சதுர மி.மீ. செம்பு வெல்டிங் கேபிள் வாங்கினேன். அதிலும் அலுமினியம் விற்கிறார்கள், ஆகவே கடைக்காரர் முன்னாலேயே சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் நல்ல ஃபியூஸ், பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெறும் தகட்டில் எர்த். இழப்பு 0.4 வோல்ட்டாகக் குறைந்தது; தவில் தொப்பியின் அடி இப்போது நெஞ்சில் விழுகிறது.

ஹெட்லைட் மட்டும் முழுதாக அடங்கவில்லை. அது கிட்டின் குற்றமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேட்டரியிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து பாடிக்கும், ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தருவது) பேட்டரிக்கும் போகும் வயர்களைத் தடிமனாக்கிய பிறகே பெருமளவு சரியானது. சிறிய காரின் ஆல்டர்னேட்டரிடம் அதற்குமேல் கேட்பது நியாயமில்லை. பொருத்துபவர் மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சட்டென்று தரும் 1 ஃபாரட் கெப்பாசிட்டர் போடச் சொன்னார். ஒரு வோல்ட் இறங்குவதற்குள் அது தரக்கூடியது 90 ஆம்பியரை நொடியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நேரம். வேண்டாம் என்றுவிட்டேன்.

கிட்டில் ஆர்சிஏ வயர் நன்றாகவே இருக்கிறது, அதை இன்னும் வைத்திருக்கிறேன். மற்றதைத் திருப்பிக்கொள்ளக் கேட்டதற்கு, வெட்டிய கேபிளை எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. வெட்டாமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பதாம்?