கோழித் தீவனக் கடைதான், ஆனால் வாத்துக்கும் மரியாதை உண்டு

கும்பகோணத்தில் தீவனக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாத்து என்று சொன்னதும், "கோழிக்குப் போடுறதையே போடுங்க" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். இந்தக் கடைக்காரர் அப்படியில்லை.

எங்கள் வீட்டில் இருப்பவை காக்கி கேம்பல் இன வாத்துகள். முட்டை நின்ற கையோடு இறகு கொட்டத் தொடங்கியது. ஆண் வாத்தின் தலையில் இருந்த வெண்கலப் பச்சை மங்கி, வால் சுருளும் உதிர்ந்து, பெட்டையா ஆணா என்றே தெரியவில்லை. கூடவே அலகின் மேல்தோல் மெல்லிசாகச் செதில் விட்டு உரிந்தது. போனில் படத்தைக் காட்டி டானிக் கேட்டேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அடியில வழவழன்னு புதுசா இருக்கு பாருங்க. ரத்தம் இல்ல, நாத்தமும் இல்லன்னா டானிக் எதுக்கும்மா? நம்ம நகம் மாதிரிதான், பழசு உரியும். மூக்கு அடைச்சாலோ, அலகு மெத்துன்னு ஆனாலோ மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

விற்கக்கூடிய பாட்டிலை விற்காத கடைக்காரரை வேறெங்கே பார்ப்பது?

முட்டையிடும் கோழிகளுக்கான லேயர் தீவனத்தையும் நிறுத்தச் சொன்னார். முட்டையிடாத வாத்துக்கும் ஆணுக்கும் அவ்வளவு சுண்ணாம்புச் சத்து ஆகாதாம். அதற்குப் பதில் வளரும் பருவத்துக் கோழிகளுக்கான குரோயர் தீவனமும், உப்பில்லாத மீன் தூளும் கொடுத்தார். இறகு பெரும்பாலும் புரதம்தானே, முளைக்கிற நேரத்தில் அதுதான் வேண்டும். முட்டை திரும்பினால் கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும், வேண்டியது தின்னும் என்றார். தலை முங்குகிற ஆழத்துக்குத் தண்ணீர் வைக்கிறோமா என்றும் விசாரித்தார்.

குறையும் உண்டு. குஞ்சுகளுக்கு நியாசின் என்ற பி வைட்டமினுக்காக புரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் கிடைக்கும் ஈஸ்ட்) கேட்டால் "பேக்கரியில கேளுங்க" என்கிறார். பேக்கரி ஈஸ்ட் வேறு, இது வேறு! அதைவிடப் பெரிய குறை, கடலைப் புண்ணாக்கு. மழைக்காலத்திலும் திறந்த மூட்டையில் ஈரத் தரையிலேயே கிடக்கிறது. 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகளும் வாத்துக் குஞ்சுகளும் கூட்டமாகச் செத்தது பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கால்தான். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்து தாங்காது. மூட்டைக்கு அடியில் ஒரு பலகை போட என்ன செலவாகிவிடும்?

அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்து, ஐந்துக்கு 4. குரோயர் தீவனத்தைச் சில்லறையாக வாங்காமல் தைத்த மூட்டையாகவே வாங்குங்கள், தேதி பார்த்து. ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு கடை அடைத்துவிடுவார்.